மேடன்–ஜூலியன் அலைவு

மேடன்–ஜூலியன் அலைவு என்பது நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்ல நகரும் மிகப் பெரிய மழை மண்டலமும், அதைச் சூழ்ந்து இயங்கும் காற்றோட்டமும் ஆகும். இது உலகை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 30 முதல் 60 நாட்கள் ஆகின்றன. வானிலை ஆர்வலர்கள் இதை எம்.ஜே.ஓ. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். ஒரே பருவத்துக்குள் சில வாரங்கள் மழை கொட்டுவதற்கும், அடுத்த சில வாரங்கள் வானம் வெறிச்சோடிக் கிடப்பதற்கும் உரிய முக்கியக் காரணங்களுள் இது ஒன்று.

பருவமழை தொடங்கிவிட்டால் பருவம் முடியும்வரை மழை சீராகப் பெய்யும் என்று பலர் எண்ணுகின்றனர். மாதாந்தர மழைச் சராசரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சராசரி என்பது பல ஆண்டுகளின் மேடு பள்ளங்களை நிரவிப் பெற்ற எண். எந்த ஓர் ஆண்டிலும் மழை அப்படிப் பெய்வதில்லை. விட்டு விட்டே பெய்கிறது. அந்த இடைவெளிகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் காட்டியதே இக்கண்டுபிடிப்பின் சிறப்பு.

கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் ஆகிய இருவரும் 1971இல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டனர். பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கான்டன் என்ற பவளத் தீவு உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வானிலை பலூன்களைப் பறக்கவிட்டு எடுத்த அளவீடுகளை அவர்கள் கணினியில் இட்டு ஆராய்ந்தனர். தரையருகே வீசும் காற்றும் மிக உயரத்தில் வீசும் காற்றும் 40 முதல் 50 நாட்களுக்கு ஒருமுறை திசையில் ஏறி இறங்குவதையும், கீழே ஒரு திசையில் வலுக்கும்போது மேலே எதிர்த்திசையில் வலுப்பதையும் கண்டனர். 1972இல் பிற வெப்பமண்டல நிலையங்களின் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இது ஒரு தீவின் வானிலை அல்ல, உலகைச் சுற்றிவரும் நிகழ்வு என்பது தெளிவாயிற்று.

இயங்கும் முறை

சூடான கடலின் மீது ஈரக்காற்று உயர எழுந்து, குளிர்ந்து, மேகமாகிப் பொழிகிறது. நீராவி நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உயரச் செய்கிறது. எழுந்த காற்றின் இடத்தை நிரப்ப, கீழ்மட்டத்தில் இருபுறமிருந்தும் காற்று ஓடிவருகிறது. மேல்மட்டத்தில் இருபுறமும் விரிந்து செல்கிறது. விரிந்து சென்ற காற்று தொலைவில் கீழிறங்கும் இடத்தில் மேகம் உருவாவது தடைபட்டு வறட்சி நிலவுகிறது. ஆகவே இந்த அலைவுக்கு எப்போதும் இரண்டு பாதிகள் உண்டு: ஒன்று மழைப் பாதி, மற்றது வறண்ட பாதி. இரண்டும் சேர்ந்தே கிழக்கு நோக்கி நகர்கின்றன.

மழை மண்டலம் இந்தியப் பெருங்கடலில் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்கிறது. மிதிவண்டியில் கொஞ்சம் வேகமாகப் போவது போன்றது இது. சென்னையின் தீர்க்கரேகையில் இருக்கும் மழை மண்டலம் ஜகார்த்தாவின் தீர்க்கரேகையை எட்ட ஒரு வாரம் பிடிக்கும். இங்கே ஓர் ஐயம் எழலாம். நாளொன்றுக்கு 430 கி.மீ. என்றால் 40,000 கி.மீ. சுற்றளவைக் கடக்க 90 நாட்களுக்கு மேல் ஆக வேண்டுமே! பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் கடல்நீர் குளிர்ந்திருப்பதால் அங்கு மேகக்கூட்டம் கலைந்துபோகிறது. மேகச் சுமை நீங்கிய காற்றலை மட்டும் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் அமெரிக்கா, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா வழியாகப் பாய்ந்து இந்தியப் பெருங்கடலை மீண்டும் அடைகிறது. அதனால்தான் சுற்று விரைவில் முடிகிறது.

எல்லாச் சுற்றும் முழுமை பெறுவதும் இல்லை. இந்தோனேசியாவின் மலைகளும் தீவுகளும் நிறைந்த பகுதியில் பல அலைவுகள் வலுவிழந்து மறைகின்றன. சில மட்டும் ஏன் தாண்டிச் செல்கின்றன என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. 2011 அக்டோபர் முதல் 2012 மார்ச் வரை பல நாடுகளின் அறிவியலாளர்கள் மாலத்தீவின் அத்து பவளத்தீவிலும் கப்பல்களிலும் ரேடார் அமைத்து, இது இந்தியப் பெருங்கடலில் உருவாகும் விதத்தை நேரடியாக அளந்தனர்.

எல் நினோவுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல் நினோ பசிபிக்கில் மாதக்கணக்கில் நிலைகொண்டிருக்கும், எம்.ஜே.ஓ. நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவின் மழையும் இதுவும்

கோடையில் இதன் மழைப் பட்டை கிழக்கே செல்வதோடு நில்லாமல், நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் வடக்கேயும் ஏறுகிறது. அது நடு இந்தியாவை அடையும்போது தென்மேற்குப் பருவமழை தீவிரமாகும். அதன் வறண்ட பாதி வரும்போது பருவமழை ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு நாட்களில் நடு இந்தியா காய்ந்தாலும், இமயமலை அடிவாரத்திலும் தமிழ்நாட்டிலும் மழை கூடுவது வழக்கம். ஆடி, ஆவணியில் மாலை வேளைகளில் இடியுடன் பெய்யும் மழை சில வாரங்களில் மட்டும் மிகுதியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓய்வு நீண்டால் விளைவு கடுமையாகும். 2002 ஜூலையில் நாடு முழுவதும் வழக்கமான மழையில் ஏறத்தாழப் பாதியே பெய்தது. பயிர் முளைத்து நிற்கும் மாதம் அது. அந்தப் பருவத்தின் மொத்த மழைக்குறைவு 19 விழுக்காடு.

தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. அக்காலத்தில் மழைப் பாதி இந்தியப் பெருங்கடலில் இருந்தால், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலைகள் உருவாகவும் வலுப்பெறவும் சூழல் சாதகமாகும். சில வேளைகளில் நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஒரே நேரத்தில் இரட்டைப் புயல்கள் தோன்றுவதும் உண்டு. 2022 மே மாதம் வங்கக்கடலில் அசானியும் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கரிமும் இவ்வாறு உருவாயின.

முன்கணிப்பில் பயன்பாடு

அன்றாட வானிலை அறிவிப்பை ஒரு வாரம் பத்து நாட்களுக்குத்தான் நம்பலாம். பருவகால அறிவிப்போ மூன்று நான்கு மாதங்களின் மொத்த மழையை மட்டும் சொல்லும். நேரடி நெல் விதைப்பில் இறங்கும் விவசாயிக்கும், ஏரியைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கும் பொறியாளருக்கும் வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று வாரங்களின் நிலவரம். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது எம்.ஜே.ஓ. தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடும் நான்கு வார முன்னறிவிப்பிலும் இதன் நிலை ஆராயப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் மேத்யூ வீலரும் ஹாரி ஹெண்டனும் 2004இல் வகுத்த குறியீட்டின்படி, உலகச் சுற்று எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. 2, 3 ஆகியவை இந்தியப் பெருங்கடல். 4, 5 இந்தோனேசியத் தீவுப் பகுதி. 6, 7 மேற்குப் பசிபிக். 8, 1 மேற்கு அரைக்கோளமும் ஆப்பிரிக்காவும். இதைக் காட்டும் வரைபடத்தின் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். அன்றைய புள்ளி வட்டத்துக்குள் விழுந்தால் அலைவு வலுவற்றது என்று பொருள். அப்போது கட்ட எண்ணை வைத்து மழையைக் கணிப்பதில் பயனில்லை. சமூக ஊடகங்களில் இந்தப் படத்தைப் பகிர்வோர் பலர் கட்ட எண்ணைச் சொல்கின்றனர், வட்டத்தைக் கவனிப்பதில்லை.