பந்திப்பூரும் கோபாலசாமி மலையும்

மைசூரில் வாழும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நடைபெறும் காரியங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முதல் நாள் அரண்மனை. மறுநாள் சாமுண்டி மலையும் மிருகக்காட்சி சாலையும். மூன்றாம் நாள் விடியற்காலையில் உதகைக்குப் பிரயாணம். அந்த மூன்றாம் நாளில் பந்திப்பூர்க் காட்டை விரைந்து கடந்துவிடுகிறோம். சன்னல் வழியே நாலு புள்ளிமான் தென்பட்டால் அதுவே இலாபம் என்று எண்ணுகிறோம். எண்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு தேசிய வனத்தை நாம் வெறும் வழியாகவே கருதி வந்திருக்கிறோம்.

அவ்வாறு கருதியதன் பயனைச் சென்ற ஆண்டு நான் நேரிலே அனுபவித்தேன். கோடை விடுமுறையில் திருச்சியிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. வாடகை வண்டியில் உதகைக்குப் புறப்பட்டோம். காட்டின் நடுவே மான் கூட்டம் ஒன்று கண்ணிற்பட, வண்டியை நிறுத்தச் சொன்னேன். என் எட்டு வயது மகன் கையில் ஒரு பிடி பொரியுடன் இறங்கிவிட்டான். மூங்கிற் புதர் அசைந்தது. கன்றுடன் ஒரு பெண் யானை வெளியே வந்து, இருபது அடி தூரத்தில் காதுகளை விரித்து நின்றது. சாரதி பாய்ந்து சென்று பையனை இழுத்து உள்ளே போட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத என் கை கூசுகிறது. யானை இரண்டடி முன்னே வந்து, பிறகு கன்றைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டது. வண்டியை நிறுத்தலாகாது, இறங்கலாகாது, விலங்குகளுக்குத் தீனி இடலாகாது என்று வழிநெடுகப் பலகைகள் இருந்தன. அவற்றையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவன் நான்தான்.

பையன் பல நாள் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. அந்த அச்சத்தைப் போக்க வேண்டுமானால் காட்டை முறையாகக் காட்டுவதே வழி என்று தோன்றியது. ஐப்பசியில் மீண்டும் சென்றோம். இம்முறை உதகைக்கு அல்ல, பந்திப்பூருக்கே.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. ஆனாலும் இந்தப் பிரயாணத்திற்கு எங்கள் வண்டி உதவாது. மைசூரிலிருந்து தெற்கே செல்லும் தண்டவாளம் சாமராஜநகரத்தோடு முடிந்துவிடுகிறது. நஞ்சன்கூடு, குண்டுலுப்பேட்டை வழியாகப் பஸ்ஸிலோ காரிலோதான் செல்ல வேண்டும். குண்டுலுப்பேட்டையைக் கடந்ததும் ஹங்களா என்னும் சிற்றூர். அங்கே வலப்புறம் திரும்பினால் ஹிமவத் கோபாலசாமி மலையின் அடிவாரம். சொந்த வண்டிகளை அங்கேயே நிறுத்திவிட்டு, அரசாங்கப் பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். இதனைக் குறையாகச் சொல்பவர் உண்டு. எனக்கோ பெரும் நிம்மதியாக இருந்தது. இறங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் அந்தப் பஸ் நிற்காது அல்லவா?

மலையின் உயரம் 1,454 மீட்டர். நம் சாமுண்டி மலை ஏறக்குறைய 1,060 மீட்டர்தான் என்றால் வேறுபாடு விளங்கும். பந்திப்பூர் வனத்தில் இதுவே மிக உயர்ந்த சிகரம். ஆண்டின் பெரும்பகுதி பனிமூட்டம் சூழ்ந்திருப்பதால் ‘ஹிமவத்’ என்னும் அடைமொழி பெற்றது. கம்பளி எடுத்துச் செல்ல மறந்து, என் மனைவியின் புடைவைத் தலைப்பில் பிள்ளைகள் இருவரும் ஒண்டிக்கொண்டார்கள். உச்சியிலே வேணுகோபாலன் கோயில். ஹொய்சள மன்னன் பல்லாளன் 1315-ஆம் ஆண்டில் எழுப்பியது என்பர். குழல் ஊதும் கண்ணனைத் தரிசித்து வெளியே வந்தால், புல்வெளிச் சரிவுகளும் அவற்றினிடையே பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் மேகம் விலகும்போது தோன்றி, மறுகணம் மறையும். அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது மதில் ஓரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். தொலைவில் கரும்பாறை போல் தெரிந்தது நகர்ந்தது, யானைக் கூட்டம்! இம்முறை பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஏழு.

இந்தத் தெய்வத்திற்கும் காட்டிற்கும் ஒரு தொடர்புண்டு. 1931-இல் மைசூர் மகாராஜா ஏறக்குறைய 90 சதுரக் கிலோமீட்டர் காட்டைச் சரணாலயம் ஆக்கினார். 1941-இல் அது பன்மடங்கு விரிவுற்றபோது வேணுகோபால வனவிலங்குப் பூங்கா என்று இந்தச் சுவாமியின் பெயரையே பெற்றது. 1973-இல் புலிகள் காப்புத் திட்டத்தில் சேர்ந்தது.

வனத்துறையாரின் சவாரி எந்நாளும் உண்டு என்று நம்பிப் புறப்பட வேண்டா. புலிகள் மனிதரைத் தாக்கிய நிகழ்ச்சிகளை அடுத்து 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சவாரி நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். சவாரி கிடைத்தாலும் புலியைக் கண்டே தீர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டலாகாது. அதைவிடச் சுவையான காட்சிகள் பல. மந்திகள் மரத்திலிருந்து உதிர்க்கும் தழையை மான்கள் கீழே நின்று தின்னும். புலியோ சிறுத்தையோ வந்தால் மேலிருக்கும் மந்தி முதலில் கண்டு கூவும், மான் அதைக் கேட்டு ஓடும். காட்டெருமைக்கு நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. காலுறை அணிந்த போலீஸ்காரர் போலிருக்கும். இவற்றைக் காணப் பேச்சைக் குறைத்தாலே போதும். நம்மவருக்கு அதுதான் கடினம்!

மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து காடு காய்ந்து கிடக்கும். 2019 பிப்ரவரியில் பற்றிய தீயில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கருகிற்று. அப்பருவத்தில் செல்வோர் பீடி, சிகரெட்டைப் பற்றி எண்ணவே கூடாது. ஆனி மழைக்குப் பிறகு செல்வதே சிறப்பு. குண்டுலுப்பேட்டை வயல்களில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்திருக்கும். கட்டுச்சோற்றைக் காட்டு எல்லைக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுப் பாதையில் போக்குவரத்துக்குத் தடை உண்டு. வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டதால் 2009 முதல் ஏற்பட்ட ஏற்பாடு இது. மலையுச்சியில் இராத் தங்கவும் வசதி இல்லை.

நாங்கள் மாலைப் பஸ்ஸில் இறங்கினோம். முன் இருக்கையில் ஒரு பெரியவர் வாழைப்பழத் தோலைக் குரங்கை நோக்கி எறியக் கை ஓங்கினார். என் மகன் எழுந்து நின்று, “பேடா தாத்தா, பேடா” என்று கன்னடத்தில் கெஞ்சினான். அவர் சிரித்துக்கொண்டே தோலைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.