செம்மண்ணில் ஓர் இரும்புப் பஞ்சம்

சேலத்தை அடுத்த கஞ்சமலை இரும்புத் தாதுவுக்குப் பேர்போனது. அங்கிருந்து ராசிபுரம், நாமக்கல் வரை காணும் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு தந்ததுதான். ஆனாலும் இந்தப் பக்கத்துக் கடலைக் காட்டில் சில நேரம் கொழுந்து இலை வெளுத்துப்போகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். விவசாயி அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். இரும்பின் மேலேயே நிற்கும் செடிக்கு எதற்கு இரும்பு?

மண்ணில் உள்ள இரும்பு பெரும்பாலும் துருவாகக் கிடக்கிறது. துரு தண்ணீரில் கரையாது; கரையாததை வேர் உறிஞ்சாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இந்தப் பஞ்சம் இன்னும் கடுமை. வேரை அழுகவைக்க வரும் பூஞ்சைக்கும் இதே பஞ்சம்தான். விவசாயிகள் 'சூடோமோனாஸ்' என்று சுருக்கிச் சொல்லும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியா, இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இரும்பு குறைந்ததும் அது பயோவெர்டின் என்ற பொருளைச் சுரக்கும். அந்தப் பொருள் துருவிலிருந்து இரும்பு அணுவைப் பிடுங்கி இறுகக் கவ்விக்கொள்ளும். கவ்வியதை உள்ளே வாங்கும் வாசல் இந்தப் பாக்டீரியாவிடம் உண்டு. நோய்ப் பூஞ்சைகள் பலவற்றிடம் இல்லை. இரும்பு கிடைக்காத பூஞ்சையின் வித்து முளைக்கத் திணறும், இழை ஓடாது. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால் பயோவெர்டின் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஃப்ளூரசன்ஸ் என்ற பெயர் வந்தது அதனால்தான். தட்டில் இரும்பைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால் சுரப்பு நின்று, ஒளியும் மங்கிவிடும்.

அதன் கையில் வேறு ஆயுதங்களும் உண்டு. பூஞ்சையைக் கொல்லும் நஞ்சுகளைச் சுரக்கிறது. வேரில் ஒட்டி வாழ்ந்தபடியே செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதால், இலை நோய்களின் வேகமும் குறைகிறது.

இந்த உயிரைப் பொட்டலத்தில் அடைப்பது எப்படி? கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வித்யாசேகரனும் முத்தமிழனும் இதை டால்க் தூளில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு எதிராகச் சோதித்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூளில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது.

ஒரு கிலோ விதை நிலக்கடலைக்கு 10 கிராம் தூள் போதும். ஆறிய கஞ்சியை லேசாகத் தெளித்து, தோல் உரியாமல் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். நிலத்தில் இடுவதென்றால் எக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இட வேண்டும். பூஞ்சைக்கொல்லி மருந்தோடு மட்டும் சேர்க்கக் கூடாது. வெள்ளைத் தூளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது உயிர்.

நோய் முற்றிய பிறகு இதைத் தேடி ஓடிப் பயனில்லை. வேரில் யார் முதலில் இடம் பிடிப்பது என்பதுதான் போட்டி. கஞ்சியோடு ஒட்டிய பாக்டீரியா விதையோடு மண்ணுக்குள் போகிறது. ஈரம் பட்டு முதல் வேர் நீளும்போது அதுவும் கூடவே பரவி, சுற்றியுள்ள கொஞ்ச இரும்பையும் தன் வசமாக்கிக்கொள்கிறது. பிறகு வரும் பூஞ்சை, இத்தனை சிவந்த மண்ணிலும் பட்டினி கிடக்கிறது.