துப்பாக்கி வீடியோக்களுக்கு மட்டும் தனித் தளங்கள்... யூடியூப் இருக்கும்போது எதற்கு?

சமையலோ, கிரிக்கெட்டோ, எதுவானாலும் யூடியூப் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கி ஆர்வலர்கள் தங்களுக்கென்றே தனி வீடியோ தளங்கள் வைத்திருக்கிறார்கள். ஃபுல்30, கன்ஸ்ட்ரீமர் எல்லாம் அப்படி உருவானவைதான். ஏன் இந்தத் தனிக்குடித்தனம்? பார்க்கலாம் வாங்க.

அப்படி என்ன வீடியோ?

புது ரைஃபிள் ரிவ்யூ, குறிபார்த்துச் சுடும் பயிற்சி, போட்டிகள் என எல்லாம் உண்டு. வரலாறும் உண்டு. 'ஃபர்காட்டன் வெப்பன்ஸ்' சேனல் நடத்தும் இயன் மெக்கோலம், பழைய துப்பாக்கிகளைப் பிரித்துக் காட்டி அவற்றின் கதையைச் சொல்வதற்குப் பெயர் பெற்றவர்.

சிக்கல் எப்போது வந்தது?

2017 அக்டோபர் 1. லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் துப்பாக்கிச்சூடு. இயந்திரத் துப்பாக்கி போல சரமாரியாகச் சுட உதவும் 'பம்ப் ஸ்டாக்' கருவியை கொலையாளி பயன்படுத்தியது தெரியவந்தது. அதைப் பொருத்தக் கற்றுத்தரும் வீடியோக்களுக்கு யூடியூப் தடை போட்டது.

2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே விதிகள் இன்னும் இறுகின. துப்பாக்கி விற்கும் வீடியோ, விற்பனை லிங்க், துப்பாக்கி தயாரிக்கும் செய்முறை எதற்கும் இடமில்லை என்றது யூடியூப்.

ரிவ்யூவுக்கோ, வரலாற்றுக்கோ தடை இல்லை. ஆனாலும் 'நாளைக்கு நம்ம சேனலையும் தூக்கிட்டா?' என்ற பயம் பலருக்கு வந்தது. 'இன்ரேஞ்ச் டிவி' சேனல், ஆபாசத் தளமான போர்ன்ஹப்பிலேயே தன் வீடியோக்களைப் போட ஆரம்பித்தது!

கோர்ட்டுக்குப் போக முடியாதா?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமையைப் பறிக்காதே என்று அரசுக்குத்தான் சொல்கிறது. யூடியூப் தனியார் நிறுவனம், அதற்கு அந்தத் திருத்தம் பொருந்தாது என்று 2020-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தனித் தளத்தில் காசு வருமா?

கஷ்டம்தான். வீடியோக்களைச் சேமித்து ஓடவிட பெரிய செலவாகும். பெரிய பிராண்டுகள் விளம்பரம் தரத் தயங்கும். சந்தாவும் துப்பாக்கி சார்ந்த விளம்பரமும்தான் கைகொடுக்க வேண்டும். புது ஆட்களை அல்காரிதம் கொண்டுவந்து சேர்க்கும் வசதியும் யூடியூப் அளவுக்குக் கிடையாது. அதனால்தான் தனித் தளத்தில் கணக்கு வைத்திருந்தாலும் பலர் யூடியூப்பை விடுவதில்லை.

அப்போ குழந்தைகள்?

அந்த அல்காரிதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 'டெக் டிரான்ஸ்பரன்சி ப்ராஜெக்ட்' அமைப்பு, வீடியோ கேம் பிடித்த 9 வயதுச் சிறுவன் போல ஒரு கணக்கைத் தொடங்கிச் சோதித்தது. பரிந்துரைகளை கிளிக் செய்துகொண்டே போனபோது, ஒரே மாதத்தில் வந்து விழுந்த துப்பாக்கி வீடியோக்கள் 382! இது 2023-ல் வெளியான தகவல்.

2024 ஜூன் 18 முதல் யூடியூப் புது விதி கொண்டுவந்தது. வீட்டில் தயாரித்த துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி போன்றவற்றைக் காட்டும் வீடியோக்களை 18 வயதுக்குட்பட்டவர்கள் பார்க்க முடியாது. பாதுகாப்பு அமைப்பைக் கழற்றக் கற்றுத்தந்தால் வீடியோவே நீக்கப்படும்.

ஆனால் ஒன்று. இந்த வயதுக் கட்டுப்பாடு, லாகின் செய்திருக்கும் கணக்கின் வயதைத்தான் பார்க்கும். அப்பா, அம்மா கணக்கிலேயே பிள்ளைங்க போனைப் பார்த்தால் அந்தப் பூட்டு திறந்தேதான் இருக்கும். முதலில் அதைக் கவனிங்க.