கீபோர்டில் சேரும் தூசி: ஒரு லாரி ஊரிலிருந்து சில குறிப்புகள்

டிஎன் 28 ஏ 1234 என்பது ஒரு வண்டி. டிஎன் 28 ஏஏ 1234 என்பது வேறொரு வண்டி. எண்கள் சும்மா உதாரணத்துக்குத்தான். ஆனால் இரண்டுமே சரியான வடிவத்தில் இருக்கிற எண்கள் என்பதைக் கவனிக்கணும். புக்கிங் ஆபீசில் இருக்கிற கீபோர்டில் 'ஏ' கீ ஒரு தட்டுக்கு இரண்டு தடவை விழுந்தால், முதல் வண்டி இரண்டாவது வண்டியாகிவிடும். மென்பொருள் தடுக்காது, ஏனென்றால் அப்படியும் ஒரு வண்டி இருக்கலாம்.

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு போக இ-வே பில் கட்டாயம் என்று 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் வண்டி எண்ணை யாரோ ஒருவர் கையால் தட்டித்தான் ஏற்றுகிறார். எண் தப்பாக இருந்தால் வழியில் வண்டியை நிறுத்தலாம். இது பெரிய தொல்லையாகப் போனதால்தான் மத்திய மறைமுக வரி வாரியம் அதே ஆண்டு செப்டம்பர் 14-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்தோ இலக்கமோ மாறியிருந்தால் சரக்கைப் பிடித்து வைக்க வேண்டாம், மத்திய வரிக்கு 500 ரூபாய், மாநில வரிக்கு 500 ரூபாய் அபராதம் போட்டு அனுப்பலாம் என்று அதில் சொன்னார்கள். ஆக, ஒரு தப்பு எழுத்தின் விலை 1,000 ரூபாய், கூடவே செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கிற நேரம். கீபோர்டைத் துடைக்க ஆகும் செலவோ ஒரு பழைய பனியன் துணி.

இதனால்தான் 'கீபோர்டு சுத்தம்' என்கிற சின்ன விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததையும், ஊரில் பார்த்ததையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம்ம ஊர்க் கடைகளில் இருப்பதில் பெரும்பாலானவை மெம்ப்ரேன் வகை. திறந்து பார்த்தால் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் போட்டிருப்பார்கள். நடுத்தாளில் கோடு கிடையாது, ஓட்டைகள் மட்டும். கீயை அழுத்தினால் ரப்பர் குமிழ் அமுங்கி, ஓட்டை வழியாக மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும். அவ்வளவுதான் 'தட்டுவது'.

நூற்றுச் சொச்சம் கீகளுக்குத் தனித்தனி ஒயர் போட முடியாது. அதனால் வரிசை, நெடுவரிசை என்று கட்டம் போட்டு, எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் சந்தித்தன என்று உள்ளே இருக்கும் சிப் நொடிக்குப் பல நூறு தடவை பார்த்துக்கொண்டே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் ரிப்பேர்க்காரரிடம் போகும் முன்பே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்:

- ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்தக் கீக்கு அடியில் ஏதோ மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் சுத்தம் பண்ணினாலே சரியாகும்.
- பக்கத்தில் பக்கத்தில் இல்லாத நாலைந்து கீகள் ஒன்றாகச் செத்துப்போனால், ஒரு வரிசைக் கோடு அறுந்திருக்கிறது அல்லது அரித்திருக்கிறது. துடைத்துப் பயனில்லை.
- தொடாமலேயே ஒரு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால், கீ அமுங்கிச் சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் போயிருக்கிறது.

இன்னொரு வகை மெக்கானிக்கல். பில் போடும் கடைகளில் டிவிஎஸ் கோல்டு பார்த்திருப்பீங்க, தட்டினால் 'டக் டக்'னு சத்தம் வருமே, அதுதான். ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச். இரண்டு உலோகத் துண்டுகள் தொடும்போது முதல் சில மில்லி நொடிகள் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க சிப் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். தொடும் இடத்தில் அழுக்கு சேர்ந்தால் துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டிவிடும். அப்போதுதான் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். முதலில் சொன்ன 'ஏஏ' இப்படித்தான் பிறக்கிறது. எடை மேடையில் ஒரு தம்பி, "அண்ணா, சீரோ ரெண்டு வாட்டி விழுதுங்க, வைரஸா இருக்குமுங்களா?" என்று கேட்டார். வைரஸ் இல்லை, தூசி.

நம்ம ஊர்த் தூசி ஒரே மாதிரி இல்லை

இணையத்தில் கிடைக்கும் அறிவுரை எல்லாம் ஏசி ஆபீசுக்கு எழுதியது. அங்கே தூசி என்றால் தோல் துகள், முடி, பிஸ்கட் தூள். நாமக்கல் வட்டாரத்தில் கீபோர்டு இருக்கும் இடத்தைப் பொறுத்து தூசியின் குணமே மாறுகிறது.

*கோழிப்பண்ணை, தீவன ஆலை.* மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்த மாவு காற்றிலேயே மிதக்கும். மாவுச்சத்து, கூடவே கொஞ்சம் எண்ணெய்ப் பசை. விரல் வியர்வை பட்டதும் பசையாகி, காய்ந்ததும் கெட்டியாகிவிடும். இதற்கு எறும்பும் கரப்பானும் வரும். ஈரத்துணியை முதலில் வைத்தால் மாவைக் குழைத்து உள்ளே தள்ளுவீர்கள். முதலில் உலர்ந்த பிரஷ், அப்புறம்தான் ஈரம்.

*லாரி பாடி கட்டும் பட்டறை.* வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தில் பறப்பது இரும்புத் தூள். இது மின்சாரம் கடத்தும். சுவிட்சுக்குள் போனால் அழுக்காக மட்டும் இல்லாமல் ஒரு குட்டி ஒயராகவே வேலை செய்யும். அலுவலக அறையின் கதவைச் சாத்தி வைப்பதும், கீபோர்டை மூடி வைப்பதும்தான் இங்கே பெரிய வைத்தியம்.

*பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி.* பஞ்சு இழை. கீக்கு அடியில் மெத்தை மாதிரி சேரும். ஊதினால் போகாது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரஷ்ஷால் கோதி எடுக்கணும்.

*ரோட்டோர எடை மேடை, பெட்ரோல் பங்க்.* மண் தூசியும் வண்டிப் புகைக் கரியும். கரி எண்ணெய்ப் பசை உள்ளது, வெறும் தண்ணீருக்கு அசையாது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு வேணும்.

ஒரு தூசியின் விலை

தூசிக்கெல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா என்று கேட்பவர்களுக்கு ஆப்பிள் கதையைச் சொல்லுவேன். 2015-ல் மேக்புக்கை மெலிதாக்க 'பட்டர்ஃபிளை' என்கிற புதுவகைக் கீபோர்டை வைத்தார்கள். கீ அமுங்கும் ஆழம் மிகவும் குறைவு, அதனால் ஒரு சின்னத் துகள் போனாலும் கீ சிக்கிக்கொண்டது, அல்லது இரண்டு தடவை விழுந்தது. லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து, டப்பாக் காற்றால் இடமிருந்து வலமாக ஊதுங்கள் என்று ஆப்பிளே வழிமுறை வெளியிட்டது. 2018 ஜூனில் இலவச ரிப்பேர் திட்டம் வந்தது. 2019 கடைசியில் பழைய கத்தரிக்கோல் வகை அமைப்புக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். வழக்கு 2022-ல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதில் நமக்குப் பாடம் ஒன்றுதான். கீபோர்டு எவ்வளவு மெலிதோ, அவ்வளவு தூசிக்குப் பயப்படும். மாவு பறக்கும் இடத்துக்கு லேப்டாப்பை விட ஒயர் வைத்த தடித்த கீபோர்டே மேல்.

கிருமிக் கணக்கு: எதை நம்பலாம்?

'கழிப்பறை இருக்கையை விட கீபோர்டு அழுக்கு' என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்திக்கு மூலம் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா 2002-ல் செய்த ஆய்வு. சதுர அங்குலத்துக்கு இருக்கையில் 49 நுண்ணுயிர், கீபோர்டில் 3,295. எண்ணிக்கை பொய் இல்லை. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கிருமிநாசினி விற்கும் குளோராக்ஸ் நிறுவனம். தவிர, இருக்கை வழுவழுப்பானது, அடிக்கடி கழுவப்படுவது, அதனால் அங்கே எண்ணிக்கை குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எத்தனை என்பதை விட எந்தக் கிருமி என்பதுதான் முக்கியம். உங்கள் கீபோர்டில் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் தோலில் இருப்பதேதான்.

ஆனால் கீபோர்டைப் பலர் பகிரும்போது கணக்கு மாறுகிறது. பண்ணை ஆபீசில் கொட்டகையிலிருந்து வந்த கை, முட்டை எண்ணின கை, டிபன் சாப்பிடப் போகிற கை எல்லாம் ஒரே கீபோர்டில். கோழியிடம் இருந்து வரும் சால்மோனெல்லா காய்ந்த தூசியிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. அங்கே துடைப்பதை விட முக்கியம், கீபோர்டைத் தொட்ட பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது.

எதால் துடைப்பது என்பதற்கு நான் படித்ததில் உருப்படியானது வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையில் வில்லியம் ருட்டாலா குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு. ஆறு வகைக் கிருமிநாசினிகளையும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சுத்தமான தண்ணீரையும் வைத்துத் துடைத்தார்கள். எல்லாமே 95 சதவீதத்துக்கு மேல் கிருமியை அகற்றின. தண்ணீரும்தான்! 300 தடவை துடைத்த பிறகும் கீபோர்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது வேலையில் பெரும்பகுதியைச் செய்வது மருந்து இல்லை, துணியும் தேய்ப்பும். 'துடைச்சா கெட்டுப்போயிடும்' என்கிற பயத்துக்கும் இது பதில்.

செய்யக் கூடாதவை

*காற்றடிக்கும் கன்.* நம்ம ஊரில் எல்லாப் பட்டறையிலும் கம்ப்ரசர் இருக்கு, எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். லாரி டயருக்கு அடிக்கிற அழுத்தம் அது. கீ பறந்து போகும். அதைவிட மோசம், அந்தக் காற்றில் தண்ணீரும் கம்ப்ரசர் ஆயிலும் கலந்து வரும். கையால் அமுக்கும் ரப்பர் ஊதுகுழல் போதும்.

*தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர்.* பெயின்ட் கறையை எடுக்கும் தின்னர் கீயின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். எழுத்தும் போகும், கீயும் பிசுபிசுக்கும்.

*சானிடைசர்.* உலக சுகாதார நிறுவனத்தின் கைத்திரவக் கலவையிலேயே தோல் வறண்டு போகாமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. கைக்கு நல்லது. கீபோர்டில் அது காயாமல் நின்று தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

*நேராக ஸ்பிரே அடிப்பது.* எதுவானாலும் துணியில் ஊற்றி, பிழிந்து, பிறகு துடைங்க.

வெளிப்புறம் துடைக்க 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் சரியானது. அதில் இருக்கும் தண்ணீர்தான் அது சீக்கிரம் ஆவியாகாமல் கிருமியைக் கொல்ல நேரம் கொடுக்கிறது. உள்ளே சர்க்யூட்டைத் துடைக்க மட்டும் தண்ணீர் இல்லாத 99 சதவீதம். மெடிக்கல் கடை ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்த வகையும் உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்க.

ஒரு விஷயம்: சில கீகள் எவ்வளவு துடைத்தாலும் பளபளவென்றே இருக்கும். அது அழுக்கு இல்லை, பிளாஸ்டிக் தேய்ந்து வழுவழுப்பானது. அதைத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டீ கொட்டினால்

தண்ணீரை விட டீ மோசம், ஏனென்றால் சர்க்கரை. காய்ந்தால் பிசின். கொட்டியவுடன் ஒயரைப் பிடுங்குங்க. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வையுங்க. 'ஆன் ஆகுதா பார்ப்போம்' என்று அழுத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலான போர்டுகளைக் கொல்கிறது. லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள். அரிசிப் பானையில் புதைப்பதால் சர்க்கரை போகாது, அரிசிமாவுதான் உள்ளே போகும்.

ஒயர் கீபோர்டை வீட்டிலேயே காப்பாற்றலாம். முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க, இல்லையென்றால் கீகளைத் திரும்பப் போடும்போது திண்டாட்டம்தான். கீகளைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, நிழலில் இரண்டு நாள் முழுசாகக் காய வையுங்க. தாள்களை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கணும், தேய்த்தால் மைக்கோடு போய்விடும். லேப்டாப் கீகளைக் கழற்றாதீங்க, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் திரும்ப மாட்ட முடியாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சொல்லிக்கொடுத்தது

எங்கள் தலைமுறையில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துக் கட்டைகளில் மை அடைத்து 'e', 'o' எல்லாம் குருடாகிவிடும். பிரஷ் வைத்துத் துடைக்கணும். கடைசி பேட்ச் போகும்போது மெஷினுக்கு உறை போடணும். அது யாராவது ஒருவர் பொறுப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் வேகம் கூடியது, பிரஷ்ஷும் உறையும் காணாமல் போச்சு. பொதுவில் இருக்கும் கீபோர்டைத் துடைப்பது இன்றைக்கு யாருடைய வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் எந்த ஆல்கஹாலை விடவும் இதுதான் முதலில் தீர்க்க வேண்டியது. ஒரு பெயரை எழுதிச் சுவரில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அந்தப் பெயருக்கு உரியவர் செய்ய வேண்டியது:

- தினமும் ஆபீஸ் மூடும்போது: கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டு, மேலே ஒரு துணி உறை.
- வாரம் ஒரு தடவை: ஒயரைக் கழற்றி, புது ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் வரிசை வரிசையாகக் கோதி, பிழிந்த துணியால் துடைப்பது. எண் பகுதியும் என்டர் கீயும்தான் அதிகம் அழுக்காகும்.
- மாசம் ஒரு தடவை: நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் ஒரே ஒரு தடவை வரிசையாகத் தட்டுவது. எந்த எழுத்தாவது விடுபட்டாலோ இரட்டையாக விழுந்தாலோ, அந்தக் கீபோர்டில் அன்றைக்கு வண்டி எண் ஏற்ற வேண்டாம்.

கடைசியாகச் சொன்ன சோதனைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். மெம்ப்ரேன் கீபோர்டு புதுசே சில நூறு ரூபாய்தான். எண்ணைத் திருத்தச் சொல்லி டிரைவர் ராத்திரி செக்போஸ்ட்டில் இருந்து போன் பண்ணும்போது அந்தக் கணக்கு தானாகப் புரியும்.