உங்களுக்குத் தெரியுமா? பவளம் நட்டால் மீன் பெருகுமா, இடம் மாறுமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அதற்கொரு காரணம். அலையைத் தடுத்த அரணோடு, மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்த பொந்துகளும் போயின. அந்தப் பொந்துகளைத் திரும்பக் கொடுப்பதுதான் பவள மீட்பின் உயிர்நாடி என்பேன். தூத்துக்குடியை அடுத்த வான் தீவருகே செயற்கைப் பாறைகளை இறக்கியதும், உடைந்த பவளக் கிளைகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டி வளர்ப்பதும் இந்த வழியில்தான்.

வேறிடத்து மீன்களே இங்கு வந்து குவிகின்றன, மொத்தத்தில் ஒன்றும் பெருகவில்லை என்று மறுப்போர் உண்டு. பெரிய மீன்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. ஆனால் திறந்த கடலிலிருந்து மிதந்துவரும் குஞ்சுகளில் ஏராளமானவை, பாறையில் தங்கிய முதல் சில நாட்களிலேயே இரையாகிவிடுகின்றன. ஒளிய இடம் கிடைத்தால் பிழைப்பவை கூடும். அது இடமாற்றம் அல்ல, பெருக்கமேதான். பாறையைக் கண்டடையக் குஞ்சுகள் ஓசையைக் கேட்டும் வழி தேடுகின்றன. 2017இல் ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவருகே, செத்த பவளக் குவியல்களில் நலமான பாறையின் ஓசையை ஒலிபெருக்கியில் பரப்பினார்கள். ஓசையில்லாத குவியல்களைவிட இரு மடங்கு மீன்கள் அங்கே சேர்ந்தன. சேர்ந்தவை நிலைக்க உயிருள்ள பவளம் வேண்டும். 2016இல் மன்னார் வளைகுடாவில் நேர்ந்ததுபோலக் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தால், நட்ட கிளைகளும் தப்புவதில்லை.