கழுவிப் போடும் ஏர் பில்டர் லாபமா? கார்க்காரர்களே, உஷார்!

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் ஏர் பில்டர் கேட்டால் இரண்டு சரக்கு உண்டு.

ஒன்று, மடிப்பு மடிப்பான பேப்பர் பில்டர். சில நூறு ரூபாய். அழுக்கானால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மற்றது, எண்ணெய் தடவிய பருத்தித் துணி பில்டர். விலை ஆயிரக்கணக்கில். கழுவிக் கழுவிப் போடலாம்.

எதை வாங்குவது?

எண்ணெய் படுத்தும் பாடு

துணி பில்டரில் தூசியைப் பிடிப்பதே எண்ணெய்தான். அது குறைந்தால் மண் உள்ளே போகும். பிஸ்டன் ரிங் தேயும். வண்டி புகை தள்ளும்.

கூடினாலும் வம்பு. காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அதன் கம்பியில் எண்ணெய் படியும். பிக்கப் போய்விடும். சென்சார் மாற்றினால், பில்டரில் மிச்சம் பிடித்த காசு காலி!

கழுவிய பில்டர் தானாகக் காய்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும். அதுவரை கார் நகராது. தினம் ஆபீஸ் போகிறவருக்கு இது ஆகிற காரியமா?

மைலேஜ் கூடுமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்தது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில், அடைத்துப்போன பில்டரை மாட்டியும் மைலேஜ் குறையவில்லை. இழுவைதான் குறைந்தது. பிறகு பில்டரை மாற்றி மைலேஜ் கூட எங்கே வழி?

தினம் ஓடும் வண்டிக்குப் பேப்பரே போதும். ஆனால் காசுக்குப் பயந்து, கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்துப் பழசையே மாட்டாதீர்கள். பேப்பர் பொத்தலானால் பலியாவது என்ஜின்தான்!