சிறுகச் சிறுக உயர்வோம்



மனிதன் தன்னைத்தானே உயர்த்திக்கொள்வது எப்படி என்பது இன்றைய உரையின் பொருள். இதைக் கேட்டதும், இது படித்தவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் உரிய பேச்சு என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும், பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்துக் கண் எரிய வீடு திரும்புகிறவருக்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கவும் கூடும். நேரமும் பணமும் குறைவாக உள்ளவருக்கே இது மிகவும் வேண்டியது என்பது நம் கருத்து. வசதி படைத்தவர் பத்து வெள்ளியை வீணாக்கினால் அவருடைய பையில் பத்து வெள்ளி குறையும், அவ்வளவுதான். நம் வீட்டில் பத்து வெள்ளி வீணானால், அது பிள்ளையின் புத்தகத்திலோ அடுப்பிலோ குறைகிறது.

உயர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இல்லாமல் இல்லை. புத்தாண்டு பிறந்தால் உறுதி எடுக்கிறோம். பிள்ளை பரீட்சையில் தவறினால் உறுதி எடுக்கிறோம். கடன்காரர் வாசலில் வந்து நின்றாலும் உறுதி எடுக்கிறோம். அந்த உறுதிகள் ஏன் நிலைப்பதில்லை? இதற்கு விடை காண, நாம் நன்றாகக் காப்பாற்றுகிற ஓர் உறுதியைப் பார்ப்போம்.

தைப்பூசம் நெருங்கும்போது நம் மக்கள் விரதம் இருக்கிறார்கள். சிலர் ஒரு வாரம், சிலர் ஒரு மண்டலம். நாள்தோறும் குடிக்கிறவரும் அந்நாட்களில் குடியைத் தொடுவதில்லை. புலால் நீக்குகிறார், நாவை அடக்குகிறார், விடியுமுன் எழுந்து குளிக்கிறார். பிறகு கடல் கடந்து பினாங்குத் தீவுக்குச் சென்று, தண்ணீர்மலையில் தம் நேர்த்திக்கடனைச் செலுத்துகிறார். ஆகவே, "எங்களுக்கு மனவலிமை இல்லை" என்று நாம் சொல்ல இடமில்லை. வலிமை இருக்கிறது, ஆண்டுதோறும் அதை மெய்ப்பித்தும் காட்டுகிறோம்.

அந்த விரதம் நிலைப்பதற்குக் காரணங்கள் உண்டு. எந்த நாளில் தொடங்குவது, எதை விலக்குவது, எத்தனை நாள் என்பதெல்லாம் திட்டமாகத் தெரியும். வீடு முழுவதும் துணை நிற்கிறது. தைப்பூசம் முடிந்த மறுநாள் இவை எல்லாம் கலைந்து விடுகின்றன. "இனி நல்லபடியாக வாழ்வேன்" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு அளவு இல்லை, நாள் இல்லை, கணக்கு இல்லை. அளவில்லாத உறுதி, அடியில்லாத வாளியில் ஊற்றிய நீர் போன்றது. ஆகவே சிறிய அளவு, நாள்தோறும் செய்தல், எழுதி வைத்த கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இந்த மூன்றைத்தான்.

சிறிய அளவு என்றால் எவ்வளவு சிறியது? நம் பெற்றோர் செய்த தொழிலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ரப்பர் மரம் சீவுகிறவர் ஒரு முறைக்கு எடுக்கிற பட்டையின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆண்டுக்கு 150 முறை சீவினால், வெட்டு 22 சென்டிமீட்டருக்கு மேல் கீழிறங்கிவிடும். ஒரே நாளில் நிறையப் பால் எடுக்கலாம் என்று கத்தியை ஆழமாக ஓட்டினால் என்ன ஆகும்? மரத்தின் வளரும் படலம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. மனப்பழக்கமும் இப்படித்தான். ஒரேயடியாகப் பெரிய வெட்டுப் போட்டால், மறுமுறை தொடுவதற்கே மனம் அஞ்சும்.

பள்ளியில் நாங்கள் காண்பதும் இதுவே. கையெழுத்துச் சரியில்லாத பிள்ளையை ஒரே மூச்சில் இருபது பக்கம் எழுதச் சொன்னால், கடைசிப் பக்கம் முதல் பக்கத்தைவிடக் கோணலாக இருக்கும். நாளுக்கு ஐந்து வரி எழுதச் சொல்லி, அந்த ஐந்தையும் நாமே பார்த்துக் கொடுத்தால், தவணை முடிவதற்குள் எழுத்து நிமிரும்.

சிறிய அளவு எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு, மலேசியத் தமிழர் மறக்கக்கூடாத சான்று ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். அதனால் தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளர்கள் வேலையையும் குடியிருந்த லயத்தையும் ஒருங்கே இழந்தார்கள். இது அவர்கள் செய்த தவற்றால் வந்த துன்பம் அன்று. ஏழ்மைக்கு ஏழையின் பழக்கமே காரணம் என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றை நாம் எடுத்துக்காட்ட வேண்டும்.

இந்தத் தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாக 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைக் கேட்டது மாதம் பத்து வெள்ளி. நாளுக்குச் சில வெள்ளியே கூலி பெற்ற காலம் அது. ஒருவருடைய பத்து வெள்ளியால் ஒரு துண்டு நிலமும் வாங்க முடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள்: ஆயிரம் பேர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் ஓராண்டில் 120,000 வெள்ளி சேரும். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது நமக்கு அண்டை மாநிலமான கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. கூலிக்கு மரம் சீவியவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். துன் சம்பந்தன் 1979இல் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் நிலைத்து நின்றது. எடுக்கும் அளவு சிறியதாகவும் தவறாததாகவும் இருந்ததே இதற்கெல்லாம் அடிப்படை.

மூன்றாவதாகக் கணக்கு. காந்தியடிகள் 1888இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். அங்கே பேருந்துக் கட்டணம், அஞ்சல் செலவு வரை ஒவ்வொரு காசையும் எழுதினார். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் வரவு செலவைச் சரிபார்த்தார். பிற்காலத்தில் பெருந்தொகையான பொதுப்பணத்தைக் கையாண்டபோது இப்பழக்கமே தமக்கு உதவியது என்று தம் வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார்.

அவருக்கு நெடுங்காலம் முன்பு வாழ்ந்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் 13 நற்பண்புகளை வரிசையாக எழுதி, வாரம் ஒரு பண்பாகப் பயின்றார். தவறிய போதெல்லாம் சிறு புத்தகத்தில் ஒரு கரும்புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஓராண்டில் நான்கு சுற்று. அவர் முழுமை அடைந்தாரா? இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் முயலாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட நல்லவராகவும் மகிழ்ச்சி உள்ளவராகவும் ஆனதாகவும் எழுதியிருக்கிறார். நமக்கு அது போதாதா?

நேயர்களே, இனி நாம் செய்யக்கூடியதைப் பார்ப்போம். பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: செலவு, படிப்பு, சொல்.

முதல் நான்கு வாரம் செலவு மட்டும். அன்றன்று கையை விட்டுப் போன பணத்தை எழுதுங்கள். கடைத் தேநீர், சிகரெட், நாலு நம்பர், தவணைக்கு வாங்கிய பொருள் எதையும் விடாதீர்கள். குறைக்க வேண்டும் என்று இப்போது முயல வேண்டாம், எழுதினால் போதும். நாளுக்கு மூன்று வெள்ளி வீண் என்று கண்டால், ஆண்டுக்கு 1,095 வெள்ளி என்பது தானே தெரியும். அதற்குப் பிறகு ஒருவர் சொல்லித் திருத்த வேண்டியதில்லை.

அடுத்த நான்கு வாரம் செலவோடு படிப்பையும் சேருங்கள். நாளுக்கு நான்கு பக்கம். ஆண்டில் 1,460 பக்கம். அதாவது ஏழெட்டுப் புத்தகம். பெற்றோர் நான்கு பக்கம் படிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, "படி, படி" என்று நாம் சொல்லும் நூறு சொல்லைவிட அது மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது கட்டம் சொல். இன்று வீட்டில் எத்தனை முறை கடுஞ்சொல் சொன்னோம் என்று ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள். களைத்து வருகிறவருக்குக் கோபம் விரைந்து வரும், அது இயல்பு. ஆனால் "அப்பா வந்துட்டாரு" என்று ஒரு பிள்ளை ஓடி வந்து சொல்கிறது. இன்னொரு பிள்ளை அதையே குரலைத் தாழ்த்திச் சொல்கிறது. இரண்டாவது பிள்ளை மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்க வாய் திறப்பதில்லை. அதை ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு நாள் தவறிவிட்டால் "இல்லை" என்று எழுதிவிட்டு மறுநாள் வழக்கமான அளவையே தொடருங்கள். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய முயல்வது, கத்தியை ஆழமாக ஓட்டுவது போன்றது. இரண்டாவது, இந்தப் புத்தகம் நம்மை நாம் பார்த்துக்கொள்ள மட்டுமே. மனைவியின் செலவையும் பிள்ளையின் பிழையையும் துருவுவதற்கு அதைக் கையில் எடுத்தால், வீட்டில் அமைதி போகும். நாமும் முன்னேற மாட்டோம்.

தோட்டத்தில் நம் முன்னோர் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கினார்கள். பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. நமக்கு நாமே ஒரு பெரட்டு வைத்துக்கொள்வோம். இரவு உணவு முடிந்ததும் ஐந்து நிமிடம். ஒரு நோட்டு, ஒரு பென்சில். இன்றைய செலவை இன்றிரவே எழுதித் தொடங்குவோமாக.